நல்ல கம்ப்யூட்டரும் உள் கம்ப்யூட்டரும்

அவர் வீட்டு சோபாவில் எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். சோபாவைத் தொட்டதில்லை. கடையிலிருந்து வந்தபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. உறை கிழிந்துவிடக் கூடாதே என்று அதன்மேல் ஒரு பழைய போர்வை. போர்வை அழுக்காகாமலிருக்க, விருந்தாளி வந்தால் ஒரு துண்டு விரிப்பார். நாம் உட்காருவது அந்தத் துண்டின்மேல்தான். மலாக்கா வெயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தால் முதுகெல்லாம் நனைந்திருக்கும். "சோபா இன்னும் புதுசாவே இருக்கேண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அன்று முழுக்க அவருக்குப் பசிக்காது.

புக்கிட் பெருவாங்கில் ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், எங்கள் வீடும் அவர் வீடும் ஒட்டி இருந்தன. நான் பக்கத்துத் தமிழ்ப் பாலர் பள்ளியில் டீச்சர். அவர் செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் மனைவியை அக்கா என்பேன். அவர்களுக்கு ஒரே மகள், சரளா. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில், பெரிய குடும்பத்தில் கடைசியாகப் பிறந்தவர் அண்ணன். மூத்தவர்கள் போட்டுக் கழித்த சட்டை, மூத்தவர்கள் கிறுக்கி முடித்த புத்தகம், மூத்தவர்கள் கடித்து மிச்சம் வைத்த பென்சில், இதுதான் அவர் பங்கு. பிற்பாடு தன் சம்பளத்தில் வாங்கிய எதையும் யாரும் தொடக் கூடாது என்று அவர் நினைத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. அவரும் தொடமாட்டார் என்பதுதான் ஆச்சரியம்.

அந்த வீட்டுக் குசினி கதையைச் சொல்லாமல் கம்ப்யூட்டர் கதைக்குப் போக முடியாது. எங்கள் தாமானில் எல்லாரும் செய்வதுபோல அவரும் வீட்டின் பின்பக்கத்தை நீட்டி 'வெட் கிச்சன்' கட்டினார். உள்ளே இருக்கும் குசினி பார்வைக்கு. மீன் பொரிப்பது, சம்பல் வதக்குவது எல்லாம் பின்னால். நல்ல ஏற்பாடுதான். உள் குசினியில் அலமாரி என்ன, பளபளக்கும் அடுப்பு என்ன! அடுப்பில் பூனை உறங்கும் என்று சொல்வார்களே, அப்படிச் சொல்லலாம் என்றால் பூனையையும் அவர் உள்ளே விடமாட்டார். பிரச்சினை என்னவென்றால், பின்னால் ஒட்டிய ஓடுகளும் அழகாக அமைந்துவிட்டன. அக்கா அங்கே முதன்முதலாகக் கெம்போங் மீன் பொரித்த அன்று, இவர் கையில் துணியோடு பின்னாலேயே நின்றார். எண்ணெய் தெறிக்கத் தெறிக்கத் துடைத்தார். ஒரே வாரத்தில் அடுப்பு வாசல் தாண்டி, வடிகால் ஓரத்துத் தகரக் கூரைக்கடியில் போய்விட்டது. இரண்டு குசினி உள்ள வீட்டில் அக்கா மூன்றாவது இடத்தில் நின்று சமைத்தாள். மழை நாளில் ஒரு கையில் குடை, ஒரு கையில் கரண்டி.

"கேக்கக் கூடாதாக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"காத்தாவது வருது, விடு" என்றாள்.

அப்படிப்பட்ட வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. முன்னறை அதற்கு ஒதுக்கப்பட்டது. வீட்டில் இருந்த ஒரே ஏர்கோன் அந்த அறையில் மாட்டப்பட்டது. மனிதர்கள் ஹாலில் விசிறிக்கடியில் வேர்க்க, கம்ப்யூட்டர் குளுகுளுவென்று தூங்கும். திரைச்சீலையில் மிஞ்சிய துணியில் அக்கா அதற்கு உறை தைத்துக் கொடுத்தாள், பூ வேலையோடு. மகளுக்கு அந்த வருஷம் தீபாவளிக்குக்கூட அவ்வளவு பொருத்தமாகத் தைக்கவில்லை என்று அவளே சொன்னாள்.

ஒருநாள் கோயில் திருவிழா நோட்டீஸை அடிக்க யாரோ ஒரு டிஸ்கெட் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதில் வைரஸ் இருந்தது. மறுநாள் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. அண்ணன் வேலைக்குப் போகவில்லை, சாப்பிடவில்லை. பழுது பார்த்துத் திரும்பி வந்தபிறகு யார் டிஸ்கெட் கொண்டுபோனாலும் விசாரணைதான். பாலர் பள்ளி விழா அழைப்பிதழை அடித்துத் தரச் சொல்லி நான் போனபோது டிஸ்கெட்டைத் துண்டின் நுனியால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்கெங்க போயிட்டு வந்துச்சு, தங்கச்சி?"

"பள்ளிலதான் இருக்குண்ணே."

"பள்ளிலன்னா? யாரு கம்ப்யூட்டர்ல போட்டாங்க? அவங்க வேற எதுல போட்டாங்க?"

இருட்டிய பிறகு வீடு திரும்பிய வயசுப் பெண்ணைக்கூட யாரும் இப்படிக் கேட்கமாட்டார்கள்.

இந்த நிலையில்தான் என்சிக் வந்து சேர்ந்தார். அண்ணனின் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மலாய்க்காரர்; என்சிக் என்றால் மலாயில் ஐயா, எங்களுக்கு அதுவே அவர் பெயர். நல்ல பருமன், நல்ல சிரிப்பு, அக்காவின் மீன் கறி என்றால் உயிர். அப்போது புதிதாக ஒரு புரோகிராம் வந்திருந்தது. அதைப் போட்டால் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பதுபோல ஓடும். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரில் எந்தக் குப்பையைப் போட்டாலும் அது உள்ளேயே கிடக்கும், வெளியே இருப்பதைத் தொடாது. பிடிக்கவில்லையென்றால் உள் கம்ப்யூட்டரைப் பழையபடி ஆக்கிவிடலாம். நாள் முடிவில் மூடும்போது, இன்று நடந்ததை வைத்துக்கொள்ளவா, தூக்கிப் போடவா என்று அதுவே கேட்கும். தூக்கிப் போடு என்றால், மறுநாள் நேற்று என்ற ஒன்றே நடக்காததுபோலத் திறக்கும். அண்ணனுக்காகவே யாரோ உட்கார்ந்து செய்ததுபோல இருந்தது.

எனக்கு அதை அவர் விளக்கிய விதம் இன்னும் நினைவிருக்கிறது. "முன் குசினிதான் நல்ல கம்ப்யூட்டர். பின் குசினி உள் கம்ப்யூட்டர். மீன் பொரிக்கிறது எல்லாம் அங்க. புரிஞ்சிச்சா?"

புரிந்தது. மூன்றாவது குசினியைப் பற்றிக் கேட்க நாக்கு துடித்தது. வடிகால் பக்கமிருந்து புகை வந்துகொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

ஆனால் நான் பயந்ததுதான் நடந்தது. உள் கம்ப்யூட்டருக்கு முதலில் ஒரு முருகன் படம் வைத்தார். பிறகு அதன் ஐகான்களை வரிசையாக அடுக்கினார். பிறகு, பாவம் அதற்கும் வைரஸ் வந்தால் என்ன செய்வது என்று உள்ளே ஒரு காவல் புரோகிராம் போட்டார். வெளியே ஏற்கெனவே ஒரு காவல் இருந்தது. அடுத்த முறை நான் டிஸ்கெட்டோடு போனபோது வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"உள் கம்ப்யூட்டர்ல போடலாமேண்ணே. அதுக்குத்தானே அது?"

"இப்பதான் சுத்தம் பண்ணி வச்சிருக்கேன், தங்கச்சி" என்றார், தலையைச் சொறிந்துகொண்டே.

உள் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு உள் கம்ப்யூட்டர் போட முடியுமா என்று என்சிக்கிடம் கேட்டாராம். என்சிக் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "அங்கிள், சுக்குப் லா" என்றாராம், போதும் என்ற அர்த்தத்தில். இரண்டு கம்ப்யூட்டரைச் சுமந்தே அந்தப் பெட்டி மாட்டு வண்டிபோல நகர்ந்தது. ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு கோப்பை தே தாரேக் டீயை ஆற்றிக் குடித்துவிடலாம்.

இந்தக் கம்ப்யூட்டரை உண்மையில் உபயோகித்த ஒரே ஆள் சரளா. பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்து வீட்டில் இருந்தாள். வேலைக்குப் போகலாம் என்றால் அண்ணனுக்கு எந்த இடமும் சரிப்படவில்லை. செங் தொழிற்சாலைகளில் ஷிப்ட். ஆயர் குரோ ஹோட்டலில் கண்டவர்களும் வந்து போவார்கள். கடையில் கல்லாவில் உட்கார்ந்தால் தூசி. "நல்ல எடமா வரட்டும்" என்பார். நல்ல இடம் என்று அவர் சொன்னது வேலையா, மாப்பிள்ளையா என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. அதுவரை அவள் இங்கிலீஷை வளர்த்துக்கொள்ள தினமும் இன்டர்நெட் பார்க்கலாம் என்று அனுமதித்தார். உள் கம்ப்யூட்டரில் மட்டும். வேலைக்குப் போகுமுன் அவரே அதைத் திறந்து திரை முழுக்க விரித்து வைப்பார். அதைவிட்டு அவள் நல்ல கம்ப்யூட்டருக்குத் தாவிவிடக் கூடாதென்று கீபோர்டில் ஒரு பட்டனைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார். சாயங்காலம் வந்ததும் முகம்கூடக் கழுவாமல் உள் கம்ப்யூட்டரை மூடுவார். வைத்துக்கொள்ளவா, தூக்கிப் போடவா என்று கேட்கும். தூக்கிப் போடு என்பார். "இன்னைக்கு வந்த அழுக்கு இன்னைக்கே போச்சு" என்று கை தட்டிக்கொள்வார்.

அவர் அப்படித் தினமும் தூக்கிப் போட்டது என்ன என்பது எனக்கும் அக்காவுக்கும் தெரியும். சரளா நர்ஸாக ஆசைப்பட்டாள். சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனை பயிற்சிக்கு ஆள் எடுக்கிறது என்று கண்டுபிடித்தது அந்த உள் கம்ப்யூட்டரில்தான். விண்ணப்பம் போட்டதும் அதில்தான், அவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் எழுதியதும் அதில்தான். அவளுக்கு வரும் மின்னஞ்சல் வேறு எங்கோ பத்திரமாக இருந்தது, வீட்டில் மிஞ்சியது அவள் போய்வந்த தடம்தான். அந்தத் தடத்தைப் பெற்ற அப்பாவே சாயங்காலம் தவறாமல் அழித்துக் கொடுத்தார். திருடனுக்குக்கூட இவ்வளவு ஒத்தாசை கிடைத்திருக்காது. மருத்துவமனைக்காரர்கள் நேரில் ஆள் பார்க்க மலாக்கா டவுனில் ஒரு ஹோட்டலுக்கு வந்தபோது, அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகிறேன் என்று போய்வந்தாள். திரும்பும்போது மறக்காமல் கங்கோங் கீரை ஒரு கட்டு வாங்கிக்கொண்டாள்.

இடம் கிடைத்துவிட்டது. வருகிறேன், இல்லை என்று ஒரு பதில் எழுத வேண்டும், அதற்கு ஒரு கெடு இருந்தது. சரளா எழுதத் தயங்கிக்கொண்டே இருந்தாள். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று அம்மாவும் மகளும் வடிகால் ஓரத்தில் பேசுவது எங்கள் வீட்டுக்குக் கேட்கும். கெடுவுக்கு முந்தின நாள் வேலி பயிரை மேய்ந்தது.

நடந்தது இதுதான். வெளிக் காவல் புரோகிராம் புதிதாக என்னவோ கற்றுக்கொண்டு வந்திருந்தது. உள் கம்ப்யூட்டர் முழுவதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ஒரு பெரிய கோப்புத்தான். அந்தக் கோப்பைத் துழாவியபோது அதற்குள் வைரஸ் வாடை அடித்ததாம். சுத்தம் செய்கிறேன் என்று அதில் கையை வைத்தது. முருகன் படம், ஐகான் வரிசை, உள்காவல், எல்லாம் போச்சு. உள் கம்ப்யூட்டர் எழவே இல்லை.

மறுநாள் அண்ணன் லீவு போட்டுவிட்டு, காலையிலிருந்து கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்காலியை விட்டு அசையவில்லை. அவர் வீட்டில் இருந்தால் யாரும் வெளியே போக முடியாது. போனுக்குப் பூட்டு, சாவி அவர் இடுப்பில். நான் சான்றிதழ் அடிக்கக் கொடுத்ததை வாங்கிப் போகும் சாக்கில் அங்கே போனேன். சரளா ஹாலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் காதோடு சொன்னேன், "கடவுச்சொல்லக் குடு. சைபர் கஃபேல போய் நான் அனுப்பிட்டு வரேன்."

"வேணாம் டீச்சர்" என்றாள். "இவ்வளவு நாள் ஒளிச்சுச் செஞ்சது போதும். சரின்னு சொல்றதயாச்சும் என் வீட்ல இருந்து சொல்றேன்."

மத்தியானம் என்சிக் வந்தார். பெட்டியைப் பார்த்தார், தலையை ஆட்டினார். இன்றைக்கு முடியாது, ஆபீஸில் வைத்திருக்கும் பழைய நகலை நாளைக்குக் கொண்டுவந்து போடுகிறேன் என்றார். வெளிக் காவலிடம் உள் கம்ப்யூட்டரின் கோப்பைத் துழாவாதே என்று சொல்லிவைக்க வேண்டும், உள்ளே இருக்கும் காவல் உள்ளே பார்த்துக்கொள்ளும், வெளியே நிற்பவன் உள்ளே கைவிட்டால் இப்படித்தான் என்று மலாயில் பொறுமையாக விளக்கினார். அண்ணன் "யா, யா" என்றார். எதுவும் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. அக்கா என்சிக்குக்குச் சோறும் மீன் கறியும் கொண்டுவந்து கொடுத்தாள். அறைக்குள் சாப்பிடக் கூடாது என்பதால் அவர் தட்டோடு வாசற்படிக்குப் போனார்.

அப்போது சரளா அறைக்குள் வந்தாள்.

"அப்பா, நல்ல கம்ப்யூட்டர் எனக்கு வேணும்."

"எதுக்கு?"

"சிங்கப்பூர்ல நர்ஸ் டிரெயினிங் கெடச்சிருக்கு. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள வரேன்னு எழுதணும். இல்லேன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

அண்ணன் அவளைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். என்னைக்கூடப் பார்த்தார். இத்தனை ஆள் இருக்கும் வீட்டில் தனக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போனது என்று தேடுகிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"எப்ப இதெல்லாம்?"

"ரொம்ப நாளாப்பா. இதுலதான்."

"நான் தெனமும் பாத்தேனே. ஒன்னுமே இல்லயே."

"நீங்கதானேப்பா அழிச்சீங்க" என்றாள் சரளா, மெதுவாக.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் வந்திருக்காது. "சிங்கப்பூரு" என்றார். "ஒத்தையிலயா? யாரு கூட இருப்ப? கண்டவனுக்குப் புண்ணு தொடைக்கவா ஒன்ன வளத்தேன்? ஒரு கீறல் படாம வச்சிருந்தேனே."

"வச்சிருந்தீங்க" என்றாள் அக்கா அறை வாசலிலிருந்து. கையில் இன்னும் கரண்டி இருந்தது. அந்த அறைக்குள் அவள் வந்து நான் பார்த்ததில்லை, அன்றும் வரவில்லை. "நான் வெயில்லயும் மழையிலயும் வெளிய நின்னு சமைக்கிறேன். ஒருநாள் உள்ள வரேன்னு கேட்டனா? அவள ஒருத்திய உள்ள விடுங்க. எந்திரிங்க."

அக்கா அவரிடம் 'எந்திரிங்க' என்று சொன்னதை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.  அண்ணன் எழுந்தார். போகுமுன் கீபோர்டை ஒருதரம் துடைத்துவிட்டுத்தான் போனார், அதை விடமுடியவில்லை. ஹாலுக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சரளா உட்கார்ந்து எழுதினாள். நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். சின்னக் கடிதம்தான். அஞ்சு மணிக்கு முன்னால் போய்விட்டது. வாசற்படியில் என்சிக் கறியை மெச்சிக்கொண்டிருந்தார்.

சரளா புறப்பட்ட நாள் அண்ணனுக்கு வயிற்று வலி வந்துவிட்டது. பொய்யான வலி இல்லை, உண்மையாகவே சுருண்டு படுத்துக்கொண்டார். என் கணவர்தான் காரில் அவளையும் அக்காவையும் பஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார். அக்கா கூடவே சிங்கப்பூர் வரை போய், விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பினாள். மகள் அறைக் கதவு வரை வந்து கும்பிட்டபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாராம்.

ஒரு வாரம் கழித்து, காலையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப்பக்கமிருந்து கூப்பிட்டார். மனிதர் இளைத்திருந்தார்.

"தங்கச்சி, நல்ல கம்ப்யூட்டர தேடு தேடுன்னு தேடிட்டேன். ஒன்னுமே இல்லேங்குது."

"வைரஸ் இல்லேன்னா நல்லதுதானேண்ணே."

"அதில்லம்மா. அவ எழுதுனத தேடறேன். அன்னைக்கு ராத்திரியே நான் எல்லாத்தயும் தொடச்சிட்டேன் போல. கை பழக்கம்." சுவரின் மேலிருந்த தூசியைக் கையால் தள்ளினார். "நீ பின்னால நின்னியே. என்னா எழுதுனா?"

சொன்னேன். பயிற்சிக்கு வருகிறேன், நன்றி என்று எழுதியிருந்தாள். யார் கூட வருகிறீர்கள் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். அதற்கு, என் அப்பா கொண்டுவந்து விடுவார் என்று எழுதியிருந்தாள்.

"அப்பான்னா எழுதுனா?"

"ஆமாண்ணே. அப்பான்னுதான்."

"நான் ஹால்ல நிக்கிறப்பவா?"

"ஆமா."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணைத் துடைக்கவில்லை, வழியட்டும் என்று விட்டுவிட்டார்.  ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

"பாஸ்போர்ட் இருக்கு" என்றார் கடைசியாக. "எடுத்ததுலேருந்து எங்கயும் கொண்டு போனதில்ல. ஒரு முத்திரை, ஒரு சாப்புகூட விழாம புத்தம் புதுசா வச்சிருக்கேன். எல்லையில சாப்பு அடிச்சிருவாங்கல்ல?"

"அடிப்பாங்கண்ணே. போறப்ப ஒன்னு, வரப்ப ஒன்னு."

"அடிக்கட்டும்" என்றார்.